பிட்ஸ்பர்கில் 80,000 டாலர் சம்பளம்: கடலூரில் உட்கார்ந்து போட வேண்டிய கணக்கு

மஞ்சக்குப்பத்திலோ லாஸ்பேட்டையிலோ ஒரு வீட்டுப் பிள்ளைக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்த செய்தி வந்ததும், வீட்டில் பெருக்கல் தொடங்கிவிடும். 80,000 டாலர், டாலருக்கு 90 ரூபாய், ஆக ஆண்டுக்கு 72 லட்சம், மாதத்துக்கு 6 லட்சம். கல்விக்கடன் தவணை, மாடி கட்டும் யோசனை, தங்கை கல்யாணம் எல்லாம் இந்த 6 லட்சத்தை வைத்தே பேசப்படுகின்றன. அந்த எண்ணைப் பெருக்குவதற்கு முன்னால் கழிக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றை டாலரிலேயே கழித்துவிட்டு, கடைசியில் மிஞ்சுவதை மட்டும் ரூபாயாக்கிப் பார்க்க வேண்டும்.

நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ வாடகையைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். நடுத்தர ஊர்களைப் பற்றித்தான் 'அங்கே செலவே இல்லை' என்ற நினைப்பு இருக்கிறது. அதனால் பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கும் பிட்ஸ்பர்க்கை எடுத்துக்கொள்கிறேன். 2020 கணக்கெடுப்பில் நகர எல்லைக்குள் 3,02,971 பேர். புதுச்சேரி நகராட்சியைவிடச் சற்றுப் பெரிய ஊர். கார்னகி மெலன், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் இரண்டும் அங்கே இருப்பதால் நம் பக்கத்துப் பிள்ளைகள் போய்ச் சேரும் ஊரும்கூட. பக்கத்தில் பென் ஹில்ஸில் 1976இலேயே எழுந்த வெங்கடேஸ்வரர் கோயிலால் பல குடும்பங்களுக்குப் பெயர் பழக்கம்.

முதலில் வரி

2025 வருமான ஆண்டுக்குத் திருமணமாகாத ஒருவரின் கணக்கு இது. 80,000இல் 15,750 டாலர் நிலையான கழிவு. மீதி 64,250க்குத்தான் கூட்டாட்சி வருமான வரி. முதல் 11,925க்கு 10 சதவீதம், அடுத்து 48,475 வரை 12 சதவீதம், அதற்கு மேல் 22 சதவீதம். மூன்றையும் கூட்டினால் ஏறத்தாழ 9,050 டாலர். 22 சதவீதம் மொத்தச் சம்பளத்துக்கும் என்று பயப்பட வேண்டாம். நம் ஊர் வருமான வரி போலவே அங்கேயும் அடுக்கடுக்காகத்தான் போடுகிறார்கள்.

அடுத்து அரசு ஓய்வூதியத் திட்டமான சமூகப் பாதுகாப்புக்கு 6.2 சதவீதம், முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கு 1.45 சதவீதம். இரண்டும் சேர்ந்து 7.65 சதவீதம், 6,120 டாலர். இதற்கு எந்தக் கழிவும் கிடையாது, முழுச் சம்பளத்துக்கும் உண்டு. ஆனால் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படித்துவிட்டு, அதே விசாவின் கீழ் ஓபிடி என்ற தற்காலிக வேலை அனுமதியில் வேலை பார்ப்பவர்கள், பொதுவாக முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்கு வரிக் கணக்கில் வெளிநாட்டவராகவே கருதப்படுவதால் இதைக் கட்ட வேண்டியதில்லை. சில நிறுவனங்களின் சம்பளப் பிரிவுக்கு இது தெரியாமல் பிடித்துவிடுகிறார்கள். முதல் சம்பளச் சீட்டிலேயே பார்த்துச் சொல்லிவிட்டால் நிறுவனமே திருப்பித் தரும். ஆண்டு முடிந்து வரித்துறையிடம் கேட்டு வாங்குவது நீண்ட வேலை. எச்-1பி என்ற வேலை விசாவுக்கு மாறிய நாளிலிருந்து இந்தச் சலுகை நின்றுவிடும், கைக்கு வருவதில் மாதம் 500 டாலர் குறையும். அந்த ஆண்டில்தான் பலர் காருக்குக் கடனும் வாங்கியிருப்பார்கள்.

இந்திய மாணவர்களுக்கு இன்னொன்று: வெளிநாட்டவர் படிவமான 1040-என்ஆர் போடுபவர்களுக்குப் பொதுவாக அந்த நிலையான கழிவு கிடையாது. இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21ஆவது பிரிவு அதை நம் மாணவர்களுக்குத் தருகிறது. கேட்டால்தான் கிடைக்கும், படிவத்தில் நாமே எழுத வேண்டும்.

பென்சில்வேனியா மாநில வரி எல்லோருக்கும் ஒரே விகிதம், 3.07 சதவீதம். நிலையான கழிவு இல்லை. ஓய்வூதியத்துக்காக 401கே கணக்கில் போடும் பணத்துக்கும் மாநிலம் வரி பிடிக்கும். கூட்டாட்சி வரி மட்டும்தான் அதை விலக்குகிறது. 80,000க்கு 2,456 டாலர்.

நடுத்தர ஊர்களில் பலர் கவனிக்காதது உள்ளூர் வரி. பிட்ஸ்பர்க் நகர எல்லைக்குள் குடியிருந்தால் சம்பளத்தில் 3 சதவீதம்: நகரத்துக்கு 1, பள்ளி மாவட்டத்துக்கு 2. பள்ளிக்கு அனுப்பப் பிள்ளை இல்லாதவரும் கட்ட வேண்டும். அது 2,400 டாலர். எல்லையைத் தாண்டி வெளியே இருக்கும் சிற்றூர்கள் பலவற்றில் இது 1 சதவீத அளவில்தான். தெருவின் இந்தப் பக்கம் நகரம், அந்தப் பக்கம் வேறு ஊர் என்று இருக்கும் இடங்களில் ஆண்டுக்கு 1,600 டாலர் வித்தியாசம் வரும், அதாவது மாதம் 133. ஆக, நகரத்துக்குள் 1,300க்கு ஒரு வீடும் வெளியே 1,400க்கு ஒரு வீடும் இருந்தால், வெளியே இருப்பதுதான் மலிவு. ஆனால் அங்கிருந்து வேலைக்குப் பேருந்து இருக்க வேண்டும். அதற்காகக் கார் வாங்கினால் இந்த மிச்சம் மூன்று மாதத்தில் கரைந்துவிடும்.

வேலையில் சேரும்போது வீட்டு முகவரிக்கான படிவம் ஒன்றில் பிஎஸ்டி குறியீடு எழுதச் சொல்வார்கள். அந்த ஆறு இலக்கம்தான் உள்ளூர் வரி எந்த ஊருக்குப் போகிறது என்பதைத் தீர்மானிக்கிறது. வீடு மாறிய பிறகு அதை மாற்றாமல் விட்டால், வெளியே குடியிருந்துகொண்டே 3 சதவீதம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். அல்லது நகரத்துக்குள் வந்த பின்னும் 1 சதவீதம் மட்டுமே போய், பிறகு பாக்கியும் அபராதமும் சேர்ந்து வரும். கூட்டாட்சி, மாநிலம், உள்ளூர் என்று மூன்று வரிக்கணக்குகள் தாக்கல் செய்ய வேண்டும். புதிதாக வந்தவர்கள் விட்டுவிடுவது மூன்றாவதை.

இதோடு உள்ளூர்ச் சேவை வரி ஆண்டுக்கு 52 டாலர், மாநில வேலையின்மைக் காப்புக்கு ஒரு சிறு தொகை. எல்லாம் போக 80,000இல் ஏறத்தாழ 59,870 மிஞ்சும், மாதம் 4,990. நிறுவனத்தின் மருத்துவக் காப்பீட்டுக்கு நம் பங்கு மாதம் 150 என்று வைத்தால் கைக்கு வருவது 4,840 டாலர். இனி எல்லாக் கணக்கும் இந்த 4,840இலிருந்துதான்.

வீடும் குளிரும்

ஸ்க்விரல் ஹில், ஷேடிசைடு பக்கம் ஒரு படுக்கையறை வீட்டுக்கு 1,200 முதல் 1,600 டாலர் வரை ஒதுக்கிக்கொள்ளுங்கள். மூன்று நான்கு பேர் சேர்ந்து வீடு எடுத்தால் தலைக்கு 600 முதல் 900. விளம்பரத்தில் தெரியும் வாடகையை மட்டும் ஒப்பிடக் கூடாது. அந்த ஊரில் ஒரு வீட்டின் உண்மையான வாடகை ஜனவரி மாதத்தில்தான் தெரியும்.

நமக்கு மே மாதத்தில் ஏசி ஓடினால் கரண்ட் பில் ஏறும். கடலூரில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்ற பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு, வீட்டைச் சூடாக வைப்பதற்கே தனியாக ஒரு பில் வரும் என்பது மனதில் பதியாது. பிட்ஸ்பர்கில் பழைய வீடுகள் மிக அதிகம். சுவரிலும் ஜன்னல் இடுக்கிலும் சூடு வெளியேறிக்கொண்டே இருக்கும். எரிவாயு உலை உள்ள பழைய வீட்டில் கோடையில் 25-30 டாலராக இருக்கும் கேஸ் பில், ஜனவரியில் 150-200ஐத் தொடலாம். சுவரோரமாக நீளமான மின்சார ஹீட்டர் பதித்த வீடு என்றால் இன்னும் கூடும். அந்த வகைதான் மிகச் செலவு. பழைய அடுக்குமாடிகளில் நீராவி ரேடியேட்டர் இருக்கும். மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே கொதிகலன் என்பதால் சூட்டுச் செலவு பெரும்பாலும் வாடகையிலேயே சேர்ந்திருக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்கு மாதம் 75 டாலர் கூடக் கொடுத்தாலும் நட்டமில்லை.

கையெழுத்துப் போடுவதற்கு முன் நான்கு கேள்விகள். சூடு எதனால், எரிவாயுவா, மின்சாரமா, நீராவியா? அதன் பில் யார் பெயரில்? கடந்த 12 மாதங்களின் சராசரி பில் எவ்வளவு? (முகவரியைச் சொன்னால் எரிவாயு நிறுவனமே சொல்லக்கூடும், வீட்டுக்காரரிடமும் கேட்கலாம்.) தண்ணீர், கழிவுநீர், குப்பை யார் பொறுப்பு? பதில்களை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு ஒப்பந்தத்தில் வராது.

குடிபோன பிறகு: தெர்மோஸ்டாட்டைப் பகலில் 68 ஃபாரன்ஹீட், அதாவது 20 செல்சியஸில் வையுங்கள், இரவில் இன்னும் நாலைந்து டிகிரி குறைத்துவிட்டுத் தடித்த போர்வையில் படுங்கள். ஜன்னலில் ஒட்டிச் சுருக்கும் பிளாஸ்டிக் படலம் ஹார்டுவேர் கடையில் கிடைக்கிறது. ஹேர் டிரையர் காட்டினால் விறைப்பாக இழுத்துக்கொள்ளும். பழைய ஒற்றைக் கண்ணாடி ஜன்னல்களுக்கு இதைப்போல மலிவான உதவி வேறில்லை. டிசம்பர் விடுமுறையில் ஊருக்கு வரும்போது பணம் மிச்சம் என்று ஹீட்டரை முழுவதும் அணைத்துவிட்டு வராதீர்கள். குழாயில் தண்ணீர் உறைந்து வெடித்தால், கீழ்வீட்டுக் கூரை வரை நனைந்த பொறுப்பு உங்கள் தலையில் விழும். 55 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே விடக் கூடாது. வாடகைதாரர் காப்பீடு மாதம் 10 முதல் 20 டாலருக்குள் கிடைக்கும்; எடுத்துவிடுங்கள்.

எரிவாயு, மின்சார நிறுவனங்களில் ஆண்டுச் செலவைப் பன்னிரண்டு சம தவணையாகப் பிரித்துக் கட்டும் திட்டம் உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு ஏற்றது. பென்சில்வேனியாவில் மின்சாரத்தையும் எரிவாயுவையும் எந்த விற்பனையாளரிடமிருந்தும் வாங்கலாம் என்பதால், வீடு வீடாகக் கதவைத் தட்டி 'உங்கள் பில்லைக் காட்டுங்கள், குறைத்துத் தருகிறோம்' என்று கேட்பவர்கள் வருவார்கள். காட்டாதீர்கள். பில்லில் இருக்கும் கணக்கு எண் போதும், அவர்கள் திட்டத்துக்கு மாற்றிவிட. முதல் மூன்று மாதம் விலை குறைவாக இருக்கும், பிறகு மாறும் விலைக்குப் போய் இரட்டிப்பாகலாம். மின்சார விற்பனையாளரை மாற்ற விரும்பினால் மாநில ஆணையம் நடத்தும் பிஏ பவர் ஸ்விட்ச் (PAPowerSwitch) தளத்தில் நிலையான விலையை மட்டும் பார்த்து எடுங்கள்.

அட்வான்ஸ் விஷயத்தில் அங்கே சட்டம் நம் பக்கம் இருக்கிறது. புதுச்சேரியில் ஐந்து மாதம், பத்து மாதம் என்று வாங்குகிறார்கள். பென்சில்வேனியாவில் முதல் ஆண்டில் இரண்டு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. இரண்டாம் ஆண்டிலிருந்து ஒரு மாத வாடகைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. காலி செய்த 30 நாளுக்குள் சேதங்களின் பட்டியலோடு மீதியைத் தர வேண்டும். தவறினால் இரட்டிப்பாகக் கேட்க உரிமை உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை: புதிய முகவரியை எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல் கிளம்பியவர்கள்தான் பணத்தை இழக்கிறார்கள். உள்ளே போகும் நாளிலேயே ஒவ்வொரு அறையையும் தேதியோடு வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். நம்மவர்கள் அட்வான்ஸில் இழப்பது பெரும்பாலும் சமையலறையில்: வெள்ளை மேடையில் மஞ்சள் கறை, அடுப்புக்கு மேலே எண்ணெய்ப் பிசுக்கு. மேடையில் ஒரு பழைய தட்டு வைத்து அதன்மேல் அரைப்பதும் கலப்பதும் நல்லது. தாளிக்கும்போது மின்விசிறியைப் போட்டு ஜன்னலைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் புகை எச்சரிக்கை மணி அலறும்.

சேர்ந்து வீடு எடுப்பவர்கள் ஒப்பந்தத்தில் 'கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு' என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். நால்வரில் ஒருவர் வேலை கிடைத்துக் கலிஃபோர்னியா போய்விட்டால், அவர் பங்கை மீதி மூவரும் கட்ட வேண்டும் என்று அர்த்தம். வீட்டைப் பார்ப்பதற்கு முன் பணம் அனுப்பச் சொல்பவர் யாராக இருந்தாலும், எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், அனுப்பாதீர்கள். கடலூரில் இருந்துகொண்டு வீடு தேடும் மாணவர்களைக் குறிவைத்தே இந்த மோசடி நடக்கிறது. அந்த ஊரில் ஏற்கெனவே படிக்கும் ஒரு மாணவரை நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். பிட்ஸ்பர்கில் பல்கலைக்கழகங்களை ஒட்டிய ஓக்லண்ட் பகுதியில் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஆகஸ்டில் தொடங்கும். ஜூலைக் கடைசியில் தெருவோரம் மேசை, நாற்காலி எல்லாம் கிடக்கும், மரச்சாமான்களை எடுக்கலாம். மெத்தையையும் துணி சோஃபாவையும் தொடாதீர்கள். மூட்டைப்பூச்சி வந்தால் அதை ஒழிக்க ஆகும் செலவில் பத்து மெத்தை வாங்கலாம்.

கார்

ஓக்லண்டிலோ ஸ்க்விரல் ஹில்லிலோ இருந்து படிப்பவருக்குக் கார் தேவையே இல்லை. 61, 71 வரிசைப் பேருந்துகள் அந்தப் பக்கமெல்லாம் ஓடுகின்றன. இரண்டு பல்கலைக்கழக மாணவர்களுக்கும் அடையாள அட்டையைக் காட்டினால் கட்டணம் இல்லை. மற்றவர்களுக்கு 2.75 டாலர், அட்டையில் கட்டினால் 3 மணி நேரத்துக்குள் வேறு பேருந்துக்கு மாறிக்கொள்ளலாம். விமான நிலையத்திலிருந்து ஓக்லண்டுக்கு 28எக்ஸ் பேருந்தும் அதே 2.75தான். முதல் நாளே வாடகைக் காருக்கு 50 டாலர் கொடுக்க வேண்டாம்.

புறநகரில் வேலை என்றால் கார் தவிர்க்க முடியாது. பிட்ஸ்பர்க் அடங்கிய அலெகெனி கவுன்ட்டியில் (மாவட்டம் போன்றது) காரின் விலையோடு 7 சதவீத விற்பனை வரி. ஆண்டுதோறும் பாதுகாப்புச் சோதனையும் புகைச் சோதனையும் கட்டாயம். பனிக்காலத்தில் சாலைகளில் கொட்டும் உப்பு காரின் அடிப்பாகத்தைத் தின்றுவிடும். கடலூர் முதுநகர், தேவனாம்பட்டினம் பக்கம் கடற்காற்றில் துருப்பிடிக்கும் வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டாம். தரையிலோ பக்கச் சட்டத்திலோ துருவால் ஓட்டை விழுந்தால் பாதுகாப்புச் சோதனையில் தேறாது. பழைய கார் வாங்குமுன் 100-150 டாலர் கொடுத்துத் தனி மெக்கானிக்கிடம் தூக்கி நிறுத்தி அடிப்பாகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் ஒட்டிய சோதனை ஸ்டிக்கரின் மாதத்தையும் பாருங்கள். அடுத்த மாதம் முடியும் கார் மலிவாக வந்தால் காரணம் இருக்கும்.

காப்பீட்டில் மாநிலம் கேட்கும் குறைந்தபட்சத்தில் எதிராளியின் பொருள் சேதத்துக்கு 5,000 டாலர்தான். ஒரு சாதாரண காரின் முன்பக்கம் நசுங்கினாலே அது போதாது. மீதியை நீங்கள் கட்ட வேண்டும். பொருள் சேத வரம்பைக் கூட்டுங்கள். காயத்துக்கு ஒரு ஆளுக்கு 1,00,000, ஒரு விபத்துக்கு 3,00,000 அளவுக்கு எடுங்கள். பென்சில்வேனியாவில் இன்னொரு தேர்வும் கேட்பார்கள்: முழு டோர்ட்டா (இழப்பீட்டு வழக்குக்கான முழு உரிமை), வரம்புக்குட்பட்ட டோர்ட்டா. இரண்டாவது மலிவு, ஆனால் மற்றவர் தவறால் விபத்து நடந்தாலும், காயம் மிகக் கடுமையாக இருந்தாலன்றி வலிக்கும் வேதனைக்கும் இழப்பீடு கேட்டு வழக்குப் போடும் உரிமை போய்விடும். முழு டோர்ட்டே எடுக்கலாம் என்பது என் கருத்து. அமெரிக்க ஓட்டுநர் வரலாறு இல்லாத முதல் ஆண்டில் மாதம் 160 முதல் 250 வரை ஆகலாம். இந்திய லைசன்ஸோடு ஓராண்டு வரை ஓட்ட அனுமதி உண்டு, ஆனாலும் அந்த மாநில லைசன்ஸை சீக்கிரம் வாங்கினால் காப்பீடு குறையும்.

ஆஸ்பத்திரி

ஜிப்மரில் சீட்டு வாங்கிப் பார்த்துப் பழகிய குடும்பங்களுக்கு மருத்துவக் காப்பீடு என்றால் 'கார்டைக் காட்டினால் இலவசம்' என்ற எண்ணம். அங்கே காப்பீடு இருந்தும் பணம் கட்ட வேண்டும். 1,500 டாலர் டிடக்டிபிள், அதன் பிறகு நம் பங்கு 20 சதவீதம் என்று ஒரு திட்டம். அவசரப் பிரிவுக்குப் போய் 3,000 டாலர் பில் வந்தால் முதல் 1,500 முழுவதும் நம்முடையது. மீதி 1,500இல் 20 சதவீதம் 300. ஆக 1,800. ஓராண்டில் நாம் கட்டும் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. 2025இல் சட்டப்படி ஒரு ஆளுக்கு அதிகபட்சம் 9,200 டாலர். அந்த அளவு பணமோ கடன் அட்டை வசதியோ கையில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சல், சிறு வெட்டுக்காயம், கால் சுளுக்கு என்றால் அவசரப் பிரிவுக்குப் போகாமல் 'அர்ஜென்ட் கேர்' மையத்துக்குப் போகவும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பக்கவாத அறிகுறி என்றால் காசைப் பார்க்காமல் 911. நம் 108 போல அங்கே ஆம்புலன்ஸ் இலவசமல்ல. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த எதிர்பாராத பில் தடுப்புச் சட்டம் அவசரப் பிரிவையும் வான் ஆம்புலன்ஸையும் காக்கிறது. தரையில் ஓடும் ஆம்புலன்ஸ் அதில் இல்லை. பிட்ஸ்பர்கில் யுபிஎம்சி, அலெகெனி ஹெல்த் நெட்வொர்க் என்று இரு பெரிய மருத்துவமனைக் குழுமங்கள். உங்கள் காப்பீடு எதை ஏற்கிறது என்று உடம்பு நன்றாக இருக்கும்போதே பார்த்து வையுங்கள். வேலையில் சேர்ந்ததும் காப்பீட்டைத் தேர்வு செய்யப் பெரும்பாலும் 30 நாள்தான் அவகாசம். விட்டால் அடுத்த ஆண்டுதான்.

பல்லும் கண்ணும் தனிக் காப்பீடு. கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே பல் அடைப்பு, வேர் சிகிச்சை எல்லாவற்றையும் இங்கேயே முடித்துவிடுங்கள். புதுச்சேரி அரவிந்தில் கண் பார்த்துக் கண்ணாடி இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளலாம். சீட்டையும் கையில் வைத்திருங்கள்.

சாப்பாடு

வீட்டில் அம்மாக்கள் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். செலவில் இது சிறிய பங்கு. ஒருவர் தினமும் வீட்டில் சமைத்தால் மாதம் 300 முதல் 400 டாலர் போதும். 20 பவுண்டு, அதாவது 9 கிலோ சோனா மசூரி மூட்டை 20 டாலரை ஒட்டி வரும். பொன்னியும் இட்லி அரிசியும் இந்தியக் கடையில் கிடைக்கும். பென்சில்வேனியாவில் மளிகைக்கு விற்பனை வரி இல்லை. துணிக்கும் இல்லை. அதனால் குளிர்கால மேலங்கியைச் சென்னையில் அலைந்து வாங்காமல் அங்கே போய் வாங்குங்கள். நம் கடைகளில் கிடைப்பது அந்தக் குளிருக்கு உழைக்காது. உணவகத்தில் மட்டும் 7 சதவீத வரி, உட்கார்ந்து சாப்பிட்டால் 18-20 சதவீத டிப்ஸ். விலைப்பட்டியலில் 15 டாலர் என்றால் கொடுப்பது 19.

கடலூர்க்காரருக்கு ஏக்கம் வருவது மீனில்தான். கடல் வெகுதூரம். உறைந்த வஞ்சிரத் துண்டு இந்தியக் கடையில் உண்டு. ஸ்ட்ரிப் டிஸ்ட்ரிக்ட் மீன் சந்தையில் ஐஸில் வைத்த மீன் கிடைக்கும், விலை அதிகம். குழம்புக்குத் திலாப்பியா வாங்கிச் சமாளிப்பவர்கள் பலர்.

மிஞ்சுவது

மாதம் 4,840 டாலர். வாடகை 1,450, சூடு-மின்சாரம்-தண்ணீர் சராசரி 180, இணையம் 50, கைபேசி 30, கார்க் கடன் 350, கார்க் காப்பீடு 160, பெட்ரோல் 120, கார்ப் பராமரிப்புக்கு ஒதுக்கு 100, மளிகை 400, வெளிச்சாப்பாடு 200, மருத்துவ ஒதுக்கு 100, துணி-முடிவெட்டு-மற்றவை 200, ஆண்டுக்கொருமுறை ஊர் வர மாதம் 150. கூட்டினால் 3,490. மிச்சம் 1,350.

40 லட்சம் கல்விக்கடன், 10.5 சதவீத வட்டி, பத்தாண்டு என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 54,000 ரூபாய், அதாவது 600 டாலர். அதையும் கழித்தால் 750. ரூபாயில் 67,500. ஆறு லட்சம் என்று தொடங்கிய கணக்கில் வீட்டுக்கு அனுப்பவோ சேமிக்கவோ கிடைப்பது இவ்வளவு. 401கேயில் போடும் பணமும் இதிலிருந்துதான். இதைக் கூட்டுவதற்கு வழி இரண்டு: வீட்டைப் பகிர்ந்துகொள்வது, முதல் இரண்டு ஆண்டு கார் இல்லாமல் இருப்பது. இரண்டையும் செய்பவருக்கு மிச்சம் மாதம் 1,300 டாலர் அளவு கூடும். மளிகையில் எவ்வளவு கஞ்சத்தனம் செய்தாலும் 100 டாலருக்கு மேல் மிச்சமாகாது.

படிக்கும் பிள்ளைக்கு: பகிர்ந்த வீடு 750, பில்கள் 80, மளிகை 300, கைபேசி 25, வீட்டுக் காப்பீடு 12, மற்றவை 150. மாதம் 1,320 வரை. பல்கலைக்கழகம் கட்டாயமாக்கும் மருத்துவக் காப்பீடு இதில் சேராது. கல்விக் கட்டணப் பில்லோடு தனியாக வரும். வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். அதை நம்பி வாடகைக் கணக்குப் போடாதீர்கள், எல்லோருக்கும் கிடைப்பதில்லை. முதல் செமஸ்டருக்கான வாடகை, அட்வான்ஸ், மேலங்கி, பாத்திரம் எல்லாவற்றுக்கும் 5,000 டாலர் முதலிலேயே இருக்க வேண்டும்.

இங்கிருந்து பணம் அனுப்பும்போது 2025 ஏப்ரல் முதல் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போனால்தான் டிசிஎஸ் (பணம் அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் முன்வரி) பிடிப்பார்கள். வங்கிக் கல்விக்கடனிலிருந்து போகும் பணத்துக்கு அது கிடையாது. அப்பா கணக்கிலிருந்து போய்ப் பிடித்திருந்தால், அவர் வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம்.

பெட்டியில் போக வேண்டியது: குக்கர், அதற்கு உபரியாக இரண்டு கேஸ்கெட், ஒரு வெயிட். மிக்ஸி வேண்டாம்; அங்கே 110 வோல்ட், நம் 230 வோல்ட் மிக்ஸி ஓடாது, 110 வோல்ட் மிக்ஸி அங்கேயே கிடைக்கும். அரிசியும் கொண்டைக்கடலையும் பயணப் பெட்டியில் கொண்டுபோகத் தடை. புதுக் கறிவேப்பிலையும் கூடாது. பொடி, ஊறுகாய், அப்பளம் எதுவானாலும் படிவத்தில் உணவு இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டால், அதிகாரிகள் எடுத்துக்கொண்டாலும் பொருள் மட்டும் போகும், மறைத்தால் அபராதம்.

அங்கிருந்து பணம் வரும்போது வங்கிக் கணக்கிலிருந்து அனுப்புங்கள். 2026 ஜனவரி முதல் ரொக்கமாகவோ மணி ஆர்டராகவோ கொடுத்து அனுப்பினால் 1 சதவீத வரி உண்டு. பிள்ளையின் இந்தியச் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓவாக (வெளிநாடு வாழ் இந்தியரின் உள்நாட்டு வருமானத்துக்கான கணக்கு) மாற்றி, தனியாக ஒரு என்ஆர்இ கணக்குத் (வெளிநாட்டு வருமானத்துக்கானது) திறந்து அதில் வாங்குங்கள். அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை.

வரிச் சலுகைக்காகவோ பிற்காலத்துக்காகவோ அப்பா மகன் பெயரில் போட்டு வைத்திருக்கும் வைப்பு நிதிகளையும் இப்போதே பட்டியலிடுங்கள். எச்-1பிக்கு மாறி அவன் அமெரிக்க வரிக் கணக்கில் உள்நாட்டவர் ஆகிவிட்டால், இந்தியக் கணக்குகள் எல்லாம் சேர்த்து ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் வெளிநாட்டுக் கணக்குகளை அமெரிக்க அரசுக்குத் தெரிவிக்கும் ஃபின்சென் 114 படிவம் போட வேண்டும். கூட்டுக் கணக்கில் அவன் பெயர் இரண்டாவதாக இருந்தாலும் சேரும். இங்கே வரும் வட்டியையும் அங்கே வருமானமாகக் காட்ட வேண்டும். அவன் பெயர் தேவையில்லாத கணக்குகளிலிருந்து, விமானம் ஏறுவதற்கு முன்பே வங்கிக்கு நேரில் போய்க் கையெழுத்துப் போட்டு நீக்கிவிடுவது சுலபம்.